உள்ளே: ஐந்து

ஊரெல்லாம் பொய் சொல்லிப் பிழைக்கிறது. நவ்ஷாத் உண்மையை எழுதி மாட்டிக்கொண்டான். அதுவும் தான் எழுதிய வரியைத் தானே சத்தம் போட்டு வாசிக்கிற மாதிரி மாட்டிக்கொண்டான். அந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது.

விருதுநகரில் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருக்கும் ஜெய்லானி ராவுத்தரின் இளைய மகன் அவன். மண்டியில் உட்கார்ந்தால் தும்மல் வருகிறது என்று சொல்லி, அதே கட்டடத்தின் மாடியில் கம்ப்யூட்டர் கடை போட்டான். விற்பதும் ரிப்பேர் பார்ப்பதும் சோற்றுக்கு. அவன் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை வேறொன்று, அதற்கு ஒரு பைசா கிடையாது.

உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று விட்டுவைத்திருக்கும் கணினி இயங்குதளங்களில் அது ஒன்று. பெயர் எதற்கு, விடுங்கள். அதன் அடித்தளத்தில் இருப்பது கர்னல். கணினிக்குள் என்ன நடந்தாலும் அதைக் கேட்டுத்தான் நடக்கும். புதிது புதிதாக எழுதிச் சேர்க்கிற பெரிய ஆட்கள் தனி. நவ்ஷாத்தின் பொறுப்பில் இருந்தது பழைய, நிலையான பதிப்பு. ஆஸ்பத்திரி, துறைமுகம், பள்ளிக்கூடம் என்று வருஷக்கணக்காக அதையே நம்பி ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு, புதிதாக ஒன்றையும் சேர்க்காமல், ஓட்டை கண்ட இடத்தை மட்டும் அடைத்துக் கொடுக்க வேண்டும். அடைக்கிறேன் பேர்வழி என்று வேறெதையும் அசைத்துவிடக் கூடாது. நாலு பேர் சேர்ந்து செய்தார்கள். பின்லாந்தில் ஒருவர், பிரேசிலில் ஒருவர், ஜெர்மனியில் ஒருத்தி, மண்டி மாடியில் இவன்.

"ஏலே, சும்மா கிடைக்கிற சாமானுக்கு எவன்டா ரிப்பேர் பாப்பான்?" என்பார் ஜெய்லானி.

"சும்மா கிடைக்குதுன்னுதானே அத்தா எல்லாரும் வச்சிருக்காக. ஓட்டையா இருந்தா அம்புட்டுப் பேருக்கும்ல ஓட்டை" என்பான் இவன்.

ஒவ்வொரு வெளியீட்டோடும் ஒரு குறிப்பு போகும். எதை அடைத்தோம், அடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று. பெரிய கம்பெனிக்காரர்கள் அதில் பூசி மெழுகுவார்கள். 'சில மேம்பாடுகள்' என்று எழுதிவிட்டு நழுவிவிடுவார்கள். நவ்ஷாத்துக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஓட்டை என்றால் ஓட்டை என்று எழுது, உண்மை முழுவதையும் எழுது, ஒரு எழுத்துக் குறைக்காதே. மற்ற மூன்று பேரும் அவனுக்குப் பயந்தே அப்படி எழுதினார்கள்.

எம். புதுப்பட்டியில் வெள்ளைத்துரை என்பவருக்குப் பட்டாசுக் கம்பெனி இருந்தது. முந்தின வருஷம் பக்கத்துக் கம்பெனி ஒன்று வெடித்தபோது, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று சொல்ல நாதியில்லை. அதற்குப் பிறகு அதிகாரிகள் கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று வெள்ளைத்துரை நவ்ஷாத்தைக் கூப்பிட்டுவிட்டார். அவன் வாசலில் ஒரு கணினியை வைத்து, அதில் தன் பழைய பதிப்பையே போட்டு, ஆளுக்கொரு கார்டு கொடுத்தான். உள்ளே போகும்போது எந்த அறைக்குப் போகிறார் என்று அடித்துவிட்டுக் கார்டைக் காட்டினால் 'கீச்' என்று சத்தம் வரும், வெளியே வரும்போது இன்னொரு 'கீச்'. வாசலுக்கு மேலே ஒரு பலகையில் சிவப்பு எழுத்தில் 'உள்ளே: 212' என்று அந்தந்த நேரத்துக் கணக்கு எரியும்.

கார்டு கொடுத்த அன்று வரிசையில் நின்ற பெண்களில் கற்பகவல்லி என்பவள் மட்டும் நகரவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக்காரி. மழை பொய்த்த வருஷமெல்லாம் பட்டாசுக்கு வருகிறவள். போன சீசனில் நோட்டில் அவள் பெயருக்கு நேராக மூன்று நாளைக் காணாமல் அடித்திருந்தார்கள்.

"தம்பி, இந்தப் பொட்டி பொய் சொல்லாதில்ல?"

"சொல்லாதுக்கா."

"மாத்தி எழுதிர மாட்டாகளே?"

"நான் பாத்துக்கிடுதேன்க்கா. அதுதான் என் வேலையே."

"அப்ப சரி. கீச்சுன்னு கேட்டாத்தான் நான் காலை எடுத்து வைப்பேன், சொல்லிட்டேன்" என்று வாசல் கண்காணி சங்கிலிமுத்துவைப் பார்த்து விரலை ஆட்டினாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நவ்ஷாத்தும் சிரித்தான்.

அது 2007. ஆகஸ்டு கடைசியில் நவ்ஷாத்துக்கு ஒரு மடல் வந்தது. முன்பின் தெரியாத ஒரு ஆராய்ச்சி மாணவி பழைய பதிப்பில் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருந்தாள். சாதாரண ஆளாகக் கணினிக்குள் நுழைந்த எவனும், நாலு வரி அடித்தால், அந்தக் கணினிக்கே முதலாளி ஆகிவிடலாம். எந்தப் பதிவையும் மாற்றலாம், மாற்றின சுவடே தெரியாமல் தேதியையும் மாற்றலாம். படித்து முடித்ததும் நவ்ஷாத் மற்ற மூன்று பேருக்கும் அதை அனுப்பினான்.

இந்த மாதிரி ஓட்டைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. திருத்தம் தயாராகிற வரைக்கும் வெளியில் மூச்சுவிடக் கூடாது. விட்டால் திருடன் முந்திக்கொள்வான். பதினாலு நாள் என்று நாலு பேரும் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். திருத்தத்தை ஐந்தாம் நாளே எழுதி முடித்தான் நவ்ஷாத். முடித்ததும் அவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது எம். புதுப்பட்டி வாசல்தான். அங்கே கடவுச்சொல்லைச் சங்கிலிமுத்து ஒரு அட்டையில் எழுதித் திரையிலேயே ஒட்டி வைத்திருந்தான். போனை எடுத்தான்.

"அண்ணாச்சி, வாசல் மெஷினை ஒரு அரை மணி நேரம் நிறுத்தணும். ஒரு திருத்தம் போடணும்."

"எதுக்கு பாய்? நல்லாத்தானே ஓடுது."

"காரணத்த இப்பச் சொல்ல முடியாது அண்ணாச்சி. இன்னும் பத்து நாளு பொறுங்க, சொல்லுதேன்."

"நல்லா இருக்கே! காரணமும் சொல்ல மாட்டீக, சீசன்ல மெஷினை மட்டும் நிறுத்தணுங்கீக." வெள்ளைத்துரை சிரித்தார். "ஊர்ல அச்சாபீஸ்காரனா இருந்தாலும் சரி, பட்டாசுக்காரனா இருந்தாலும் சரி, பூசை போட்டு ஓட விட்ட மெஷினைத் தீபாவளி லோடு ஏறுற வரைக்கும் தொட மாட்டான். இது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அந்தக் கணினிக்கும் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டித்தான் வைத்திருந்தார்கள். பதினாலு நாள் கழித்துக் காரணத்தைச் சொல்லியும் அதே பதில்தான். "தீபாவளி முடியட்டும் பாய். உங்களுக்கில்லாத மெஷினா!"

திருத்தம் வெளியான அன்று குறிப்பில் சண்டை வந்தது. நவ்ஷாத் கடைசி வரியாக எழுதியிருந்தது இது: 'இந்தத் திருத்தம் போடாத கணினியில் உள்ள எந்தப் பதிவும் மாற்றப்படாதது என்று நம்ப இடமில்லை.' பின்லாந்துக்காரர், இது கொஞ்சம் கடுமையாக இருக்கிறது, 'கவனமாக இருக்கவும்' என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். நவ்ஷாத் குதித்தான். கடுமையாக எழுதினால்தான் சோம்பேறிகள் திருத்தம் போடுவார்கள், பொய்யா எழுதியிருக்கிறேன் என்று கேட்டான். பின்லாந்துக்காரர் விட்டுக்கொடுத்தார். அந்த வரி அப்படியே அவன் பெயரோடு உலகத்துக்குப் போயிற்று. வெள்ளைத்துரைக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்பினான். இதைப் பார்த்தாவது பயப்படட்டும் என்று.

செப்டம்பர் கடைசி, ரமலான் நோன்புக் காலம். ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வெள்ளைத்துரை கம்பெனியில் பதினேழாம் நம்பர் வெடிமருந்து அறை வெடித்தது. அறை இருந்த இடத்தில் தரைதான் இருந்தது. ஐந்து உடல்கள் எடுத்தார்கள். ஐந்தில் ஒன்று கற்பகவல்லி என்று செய்தித்தாளில் பார்த்ததும் நவ்ஷாத் தாளை மடித்து வைத்துவிட்டான். அன்றைக்கு நோன்பு திறக்க உட்கார்ந்தவனுக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. நாதியா, அவன் மனைவி, என்ன என்று கேட்டாள். "ஒரு அக்கா. எனக்குத் தெரிஞ்ச அக்கா" என்று மட்டும் சொன்னான்.

மூன்றாம் நாள் சங்கிலிமுத்து போன் பண்ணினான். "முதலாளி உங்கள வரச் சொன்னாக. அந்தத் திருத்தத்த இப்பப் போட்டிரச் சொன்னாக."

நவ்ஷாத்துக்கு ஆத்திரமும் வந்தது, ஒரு பக்கம் நிம்மதியும் வந்தது. சாவு விழுந்தால்தான் இவர்களுக்குப் புத்தி வருகிறது என்று நினைத்தான். யாராவது உள்ளே புகுந்து வருகைப் பதிவில் கைவைப்பதற்கு முன்னால் ஓட்டையை அடைத்துவிட வேண்டும். கற்பகவல்லி அக்கா பெயர் அதில் இருக்கிறது. பஸ்ஸைப் பிடித்து ஓடினான்.

கம்பெனியில் ஈ காக்கை இல்லை. வாசலில் சங்கிலிமுத்து மட்டும் நின்றான். மேலே பலகையில் எரிந்துகொண்டிருந்தது, 'உள்ளே: 5'.

"அன்னைக்கு எல்லாரும் அலறி அடிச்சு ஓடிட்டாக" என்றான் சங்கிலிமுத்து. "சாயங்காலம் யாரைக் காணோம்னு பாக்கணும்ல? ரோட்டுல வரிசையா நிறுத்தி, பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கார்டா நான்தான் கீச்சு கீச்சுன்னு வெளிய போட்டேன். இறங்கிக்கிட்டே வந்துச்சு. அஞ்சுல நின்னுட்டு. அதுக்குக் கீழ இறங்கல." பதினேழாம் அறைப் பக்கம் கையைக் காட்டினான். "கற்பகவல்லிக்குக் கார்டு போட வேண்டாம்னுதான் நான் சொன்னேன் பாய். ஏற்கெனவே நாலு பேர் ரூமுக்குள்ள இருந்தாக. நாலுக்கு மேல போடக் கூடாதுன்னு சட்டம். சீசன்ல மேல போடுற ஆளுக்குக் கார்டு காட்டுறதில்ல. அவதான், கீச்சுன்னு கேட்டாத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நின்னா. போட்டேன்."

நவ்ஷாத் பலகையைப் பார்த்து ஒரு துஆ ஓதினான். பிறகு உட்கார்ந்தான். பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தான். பதினேழாம் அறை, கற்பகவல்லி, காலை 7.42. வெளியேறிய நேரம் இல்லை. பத்திரம். அதற்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, திருத்தத்தைப் போட்டான். இந்தத் திருத்தத்துக்குக் கணினியை நிறுத்தித் தொடங்கியாக வேண்டும். ஆயிரம் தடவை செய்த வேலை, கை தானாகவே அடித்தது. திரை இருண்டு, வெளிச்சம் வந்து, எல்லாம் சரியாக எழுந்தது. பலகையில் 'உள்ளே: 0' என்று எரிந்தது.

"அடைச்சாச்சு. இனிமே எவனும் கைவைக்க முடியாது" என்றான் சங்கிலிமுத்துவிடம். சங்கிலிமுத்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்டோபரில், பெருநாள் முடிந்து நாலைந்து நாள் கழித்து, பெத்தணன் மண்டி மாடிக்கு வந்தார். கற்பகவல்லியின் புருஷன். ஐம்பது வயதிருக்கும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில் ஒரு நகல் காகிதம் வைத்திருந்தார்.

"படிச்சுச் சொல்லுங்க பாய். ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாக."

நவ்ஷாத் படித்தான். அது கம்பெனி கொடுத்த வாக்குமூலம். அன்று பதினேழாம் அறையில் சட்டப்படி நாலு பேர்தான் வேலை செய்தார்கள். கற்பகவல்லி அன்று வேலைக்கே வரவில்லை. மருந்து திருடுவதற்காகப் பின்பக்க வேலி வழியாகப் புகுந்து, இரும்புச் சட்டியை உரசித் தீப்பொறி கிளப்பி, தானும் செத்து நாலு பேரையும் கொன்றாள்.

பெத்தணன் அழவில்லை. "செத்த நாலு பேருல ஒருத்தி என் கூடப்பிறந்தா மக பாய். தங்கச்சி எங்க வீட்டு வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போயிட்டா. எனக்கு ஒரு ரூவா வேண்டாம். அவ கள்ளி இல்ல, கொலைகாரி இல்ல, வேலைக்குத்தான் போனான்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுக்கட்டும். போதும்."

"கூட வேலை பாத்தவங்க சொல்ல மாட்டாங்களா?"

"சொன்னா அடுத்த சீசனுக்கு வேலை குடுப்பானா? வேற கம்பெனிக்காரனும் குடுக்க மாட்டான். ஆனா பொட்டியில இருக்குமாமே? பொட்டி பொய் சொல்லாதுன்னு நீங்க சொன்னதா அவ சொல்லுவா."

"இருக்கு. 7.42க்கு உள்ள போயிருக்காக. நான் வந்து சொல்லுதேன்" என்றான் நவ்ஷாத். அவர் கையைப் பிடித்துச் சொன்னான்.

விபத்து விசாரணை தீபாவளி கழித்து நடந்தது. நவ்ஷாத் பதிவுக் கோப்பின் நகலைக் கொடுத்தான். அதிகாரி படித்துத் தலையாட்டினார். பெத்தணன் சுவரோரம் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அப்போது கம்பெனி வக்கீல் எழுந்து ஒரு தாளை நீட்டினார். நவ்ஷாத் வெள்ளைத்துரைக்கு அனுப்பிய அதே பிரதி. கூடவே தமிழில் பெயர்த்து முத்திரை குத்திய தாள்.

"இது நீங்க எழுதினதுதானே? கீழ இருக்கிறது உங்க பேர்தானே?"

"ஆமா."

"கடைசி வரியைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க."

நவ்ஷாத் வாசித்தான். "இந்தத் திருத்தம் போடாத கணினியில் உள்ள எந்தப் பதிவும் மாற்றப்படாதது என்று நம்ப இடமில்லை."

"விபத்தன்னைக்கு அந்தக் கணினியில திருத்தம் போட்டிருந்ததா?"

"இல்ல. நான் போடச் சொன்னேன், அவுகதான்..."

"போட்டிருந்ததா இல்லையா?"

"இல்ல."

"அடுத்த மூணு நாள் அந்தக் கணினி திருத்தம் இல்லாமத்தான் இருந்தது. கடவுச்சொல் திரையிலேயே ஒட்டியிருந்தது. அந்தம்மா சொந்தக்காரங்க ரெண்டு பேர் அங்கேயே வேலை பார்க்கறாங்க. பேரைப் பின்னால சேர்த்திருக்க முடியுமா, முடியாதா?"

ஒரே வார்த்தை. முடியாது என்று சொன்னால் தீர்ந்தது. அந்த அறையில் அதை மறுத்துச் சொல்ல எவனுக்கும் விஷயம் தெரியாது. பெத்தணன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டு, இங்கே எப்படி மாற்றிச் சொல்வது? பாழாய்ப்போன நாக்கு, அதற்கு வேறு பழக்கமே இல்லை.

"முடியும்" என்றான். "ஆனா யாரும் சேக்கல."

"சேர்க்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் அவனுக்குச் சுருக்கென்று உறைத்தது. "பலகை! சார், பலகையில அஞ்சுன்னு இருந்துச்சு. நான் என் கண்ணால பாத்தேன். அந்தக் கணக்கு இந்தக் கோப்புல இருந்து வாறதில்ல. காலையில இருந்து ஒவ்வொரு கார்டா கூட்டிக் கழிச்சு மெஷினோட நினைவுல தனியா ஓடுறது. கோப்புல பின்னால ஒரு பேரைச் சேத்தா அது மாறாது. நாலு பேர்தான் உள்ள போனாகன்னா அதுல நாலுன்னுதானே இருக்கணும்? அஞ்சு இருந்துச்சு சார்!"

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். வக்கீல்கூடத் திரும்பி வெள்ளைத்துரையைப் பார்த்தார். "இப்பவும் அந்த அஞ்சு இருக்கா? போய்ப் பார்த்துடலாமா?" என்றார் அதிகாரி.

நவ்ஷாத் திரும்பிப் பெத்தணனைப் பார்த்தான்.

"என்ன? இருக்கா?"

"இல்ல சார். மெஷினை நிறுத்தித் தொடங்கினா அது அழிஞ்சிரும்."

"யார் நிறுத்தினது?"

"நான்தான்" என்றான் நவ்ஷாத். "திருத்தம் போடுறதுக்காக."

சங்கிலிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பலகையில் என்ன இருந்தது? அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாதுங்க என்றான். வெள்ளைத்துரை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திருத்தத்தை மூன்றாம் நாள் போடச் சொன்ன ஆள் இதையெல்லாம் தெரிந்தா சொன்னார்? ஒரு மண்ணும் தெரியாது. திருத்தம் போட்டுவிட்டோம், இனி நம் மேல் குறை வராது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவருக்குத் தானாக வந்து வாய்த்தது. கற்பகவல்லி மேல் போட்ட பழி காகிதத்தில் அப்படியே நின்றது.

வெளியே வேப்பமரத்தடியில் பெத்தணன் காத்திருந்தார். நவ்ஷாத் அவர் முகத்தைப் பார்க்காமல் போய்விடலாமா என்று நினைத்தான். முடியவில்லை, பக்கத்தில் போய் நின்றான்.

"மன்னிச்சிருங்கண்ணே."

"உங்க மேல என்ன தப்பு பாய், உள்ளதைத்தானே சொன்னீக." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நாலடி நடந்தவர் திரும்பினார். "முடியாதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே பாய். அவுக எம்புட்டுச் சொன்னாக."

அவர் நிற்கவில்லை. வெம்பக்கோட்டை பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

டிசம்பரில் பழைய பதிப்புக்கு அடுத்த திருத்தம் வெளியாக வேண்டியிருந்தது. நவ்ஷாத்தான் குறிப்பு எழுதினான். எழுதி முடித்து, கீழே ஒரு வரி சேர்த்தான்: 'கணினியை நிறுத்தும் முன், திரையில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். அது திரும்ப வராது.'

பின்லாந்திலிருந்து மறுநாளே பதில் வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, அந்தக் கடைசி வரி மட்டும் தேவையா, அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயமாயிற்றே என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

இந்தத் தடவை நவ்ஷாத் சண்டை போடவில்லை. வாஸ்தவம்தான் என்று எழுதிவிட்டு, அந்த வரியைத் தானே அழித்தான்.